பழனியாண்டி செத்த திகதி

அந்த மெஷினுக்கு ஒன்பதாவது ஆளைப் பிடிக்காது. எட்டுப் பேர் வரைக்கும் சொன்ன சொல் கேட்கும். ஒன்பதாவது பெயரைத் தட்டத் தொடங்கினால் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, திரையில் துடித்துக்கொண்டிருக்கிற பச்சைக் கோட்டைத் திரும்பவும் முதலாவது பெயரில் கொண்டுபோய் நிறுத்திவிடும். மறுபடி தட்டினால் மறுபடி கீச். கிளிநொச்சி நிவாரணக் கந்தோரின் பின்னறையில் அதன் முன்னால் உட்கார்ந்திருந்த விமலேஸ்வரிக்கு முதல் கிழமை அழுகைதான் வந்தது. அந்தப் படிவத்தைக் கொழும்பில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் செய்து அனுப்பியிருந்தார். குடும்பம் என்றால் தாய், தகப்பன், ஆறு பிள்ளைகள், அதற்குமேல் என்னத்துக்கு என்று அந்த மனுசன் நினைத்திருப்பார். நல்ல மனுசனாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒரு நாளாவது தர்மபுரத்துக்கு வந்து ஒரு குடிசைக்குள் தலையை நீட்டிப் பார்த்திருக்கலாம்.

எண்பத்தெட்டாம் ஆண்டு அது. விமலேஸ்வரி அறிய கிளிநொச்சியில் அது ஒன்றுதான் கொம்பியூட்டர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போகலாம். நவராத்திரி தொடங்கிய அன்றைக்கு மனேஜர் செல்வராசா அதன் நெற்றியில் சந்தனம்கூட வைத்துவிட்டார். ஜெனரேற்றருக்கு டீசல் கிடைத்த நேரத்தில் அது ஓடும், இல்லாத நேரத்தில் துவாயால் மூடிக்கிடக்கும். அது ஓடுகிற நேரத்துக்குள் ஆயிரத்துச் சொச்சம் குடும்பங்களை அதன் வயிற்றுக்குள் தள்ளுவதுதான் விமலேஸ்வரியின் வேலை. உள்ளே போன குடும்பத்துக்கு அரிசி, பருப்பு, சீனி வரும். போகாத குடும்பத்துக்கு ஒரு மண்ணும் வராது.

படிவத்திலோ ஊர்ப்பட்ட கரைச்சல். பிறந்த திகதி தெரியாது என்றால் அது நகராது. ஆகவே தெரியாதவர்களையெல்லாம் அவள் ஜனவரி முதலாம் திகதி பிறக்கவைத்தாள். பிறந்த மாவட்டம் என்ற கட்டத்துக்குள் வடக்கு மாவட்டங்கள் மட்டும்தான் இருந்தன. மலைநாட்டில் பிறந்து, எழுபத்தேழு கலவரத்தில் அடிபட்டு, உடுத்த துணியோடு வன்னிக்கு வந்து சேர்ந்த சனத்தை எங்கே பிறக்கவைக்கிறது? கிளிநொச்சியிலேயே பிறக்கவைத்தாள். இதெல்லாம் பொய் இல்லையா என்று யாராவது கேட்டிருந்தால் சண்டைக்கே போயிருப்பாள். பொய் கேட்கிறது படிவம், நான் சுற்றுப்பாதையால் போறன், அவ்வளவுதான் என்பது அவளுடைய நியாயம். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை மறைப்பானேன்?

ஒன்பதாவது ஆளுக்கும் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பெரிய குடும்பத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு அட்டை போடுவது. ஆனால் இரண்டாவது அட்டைக்கும் ஒரு குடும்பத் தலைவர் வேண்டும், அவருக்கு அடையாள அட்டை இலக்கம் வேண்டும். அங்கேதான் இடித்தது. மலைநாட்டிலிருந்து வந்த சனத்தில் குடியுரிமை இல்லாமல், அடையாள அட்டை இல்லாமல் இருந்தவர்கள்தான் அதிகம். இலக்கம் இல்லாமல் அந்தக் கட்டத்தைத் தாண்ட மெஷின் விடாது.

தர்மபுரத்து மாயாண்டி வீட்டில் பதினொரு பேர். மாயாண்டி, மனைவி வீரம்மா, மாயாண்டியின் தாய், ஐந்து பிள்ளைகள். அதோடு எட்டு முடிந்தது. மிச்சம் மூன்று பேரும் வீரம்மாவின் அண்ணன் பழனியாண்டியின் பிள்ளைகள். பிள்ளைகளின் தாய் கடைசிப் பிரசவத்தோடு போய்விட்டாள். பழனியாண்டி எண்பத்தாறு கார்த்திகையில் காய்ச்சலில் செத்தான். அந்த நாளில் பதிவுக் கந்தோர் பூட்டிக் கிடந்தது, மரணச் சான்றிதழ் எடுக்கவில்லை. வாய்க்கால் கரையில் வைத்து எரித்தார்கள், அதோடு சரி. வீட்டில் மாயாண்டியைத் தவிர அடையாள அட்டை வைத்திருந்த ஒரே ஆள் இந்தப் பழனியாண்டிதான். ஆள் போனாலும் அட்டை தகரப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

விமலேஸ்வரி எதற்கென்று சொல்லாமல் அந்த இலக்கத்தை வாங்கித் தட்டினாள். மெஷின் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக்கொண்டது. பழனியாண்டி, ஆண், வயது முப்பத்தொன்பது, உயிருடன் இருக்கிறார், பிள்ளைகள் மூன்று. இந்த மாதிரி அவள் முப்பத்தேழு குடும்பங்களுக்குச் செய்திருந்தாள். சில வீட்டில் தலைவர் செத்தவர், சில வீட்டில் இந்தியாவுக்கு வள்ளம் ஏறியவர், சிலருடைய சங்கதி தெரியவே தெரியாது. மனேஜருக்கும் தெரியும். எப்பிடியாவது உள்ள போடு பிள்ளை, என்னட்டக் கேள்வி வராமல் பார் என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கேள்வி வேறு பக்கத்தால் வந்தது. அரிசி லொறி காவலரணைத் தாண்ட வேண்டுமானால் நிவாரணப் பட்டியலின் ஒரு பிரதி இந்திய இராணுவ முகாமுக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. மாதம் மாதம் விமலேஸ்வரி துளைவைத்த நீளக் கடதாசியில் அதை அச்சடித்து, மடித்து, உறையில் போட்டு அனுப்புவாள். பழனியாண்டியும் மாதம் மாதம் அந்த உறைக்குள் இருந்து முகாமுக்குப் போய்வந்தான். அதைப் பற்றி அவள் ஒரு நாளும் யோசிக்கவில்லை. அரிசிக் கணக்கென்றுதான் நினைத்தாள்.

ஒக்டோபர் பதினாலாம் திகதி வெள்ளிக்கிழமை தர்மபுரத்தில் நிவாரணம் கொடுத்தார்கள். பதினைந்தாம் திகதி சனிக்கிழமை பின்னேரம் பரந்தன் முல்லைத்தீவு வீதியில் கண்ணிவெடி வெடித்து இராணுவ வாகனம் ஒன்று சிதறியது. பதினேழாம் திகதி விடியத் தர்மபுரத்தைச் சுற்றிவளைத்தார்கள். ஆம்பிளைகளைப் பள்ளிக்கூட வளவில் உட்காரவைத்து ஒரு பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார்கள். அது விமலேஸ்வரியின் பட்டியல்.

இதை அவளுக்கு வந்து சொன்னது வீரம்மா. செவ்வாய்க்கிழமை காலையில் தர்மபுரத்திலிருந்து நடந்தே வந்து, கந்தோர் வாசலில் உட்கார்ந்திருந்தாள். பழனியாண்டி என்று கூப்பிட்டார்களாம், யாரும் எழும்பவில்லையாம். திரும்பவும் கூப்பிட, மச்சான்காரன் என்று மாயாண்டி எழும்பி அவன் செத்துப்போனான் என்று கைச்சாடை காட்டினானாம். பட்டியலைத் தட்டிக் காட்டி, உயிரோடு இருக்கிறான், முந்தாநாளுக்கு முதல் நாள் அரிசி வாங்கியிருக்கிறான், எங்கே ஒளித்துவைத்திருக்கிறாய் என்று அடித்தார்களாம். அடித்த அடியில் காதால் இரத்தம் வந்ததாம். பிறகு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். சொல்லும்போது வீரம்மா அழவில்லை. அவளுடைய கண் விமலேஸ்வரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

செய்தது யார் என்று விமலேஸ்வரிக்குத் தெரியாதா? அந்த இலக்கத்தைத் தட்டிய விரல் அவளுடையது.

"எப்ப செத்தவர் எண்டு ஏதும் சொன்னவரோ அக்கா?"

"எங்க மிஸ் சொல்லவிட்டாங்க? செத்துட்டான்னு கைய விரிச்சாரு. அதுக்குள்ள அடி விழுந்திருச்சி."

இரண்டு பேருமாக முகாமுக்குப் போனார்கள். வீரம்மாவை வாசலில் நிறுத்திவிட்டு விமலேஸ்வரியை மட்டும் உள்ளே விட்டார்கள். அதிகாரி கதிரை கொடுத்தார், தேத்தண்ணியும் கொடுத்தார். கத்தவில்லை, உறுக்கவில்லை, ஆறுதலாக ஆங்கிலத்தில் பேசினார். மேசையில் அவளுடைய பட்டியல் விரிந்து கிடந்தது. கிராமத்துச் சனம் பயத்தில் எதையும் சொல்லும் என்றார், கடிதம் எழுதித்தருகிறவர்களும் அப்படித்தான் என்றார், தான் நம்புவது இதைத்தான் என்று பட்டியலில் விரலை வைத்தார். மெஷினுக்குப் பயமும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. பழனியாண்டியைக் கொண்டுவரட்டும், இல்லையென்றால் அவன் செத்தான் என்று இதே மெஷின் அச்சடித்த கடதாசி வரட்டும், மாயாண்டியை வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றார். நாலு மணிக்கு லொறி வவுனியாவுக்குப் போகிறது, அதுவரைக்கும் விடுபடாத ஆள்கள் அதில் போவார்கள், அதற்குப் பிறகு தன் கையில் ஒன்றும் இல்லை என்றார்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவள் வாயெடுத்தாள். முப்பத்தேழு குடும்பம் கண்முன்னால் வந்து நின்றது. பட்டியலில் செத்தவர்களும் இல்லாதவர்களும் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அரிசி லொறியையே நிறுத்திவிடுவார்கள். கடதாசிதானே கேட்கிறார், கடதாசி கொடுத்தால் போகிறது என்று தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழும்பினாள்.

கந்தோரில் மனேஜர் விசயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்தினார். உண்மையைச் சொல்லப் போறன் எண்டு மட்டும் வெளிக்கிடாத பிள்ளை, எல்லாரும் பட்டினி கிடந்து சாவினம் என்றார். கையிருப்பில் இருந்த கடைசிக் கான் டீசலை ஜெனரேற்றருக்குள் ஊற்ற அவரே போனார். தர்மபுரத்துக் கிராம அலுவலரான விதானையார் இளையதம்பி அன்றைக்கு அரசாங்கக் கச்சேரிக்கு வந்திருந்தார். அவரிடம் ஓடி ஒரு கடிதம் வாங்கினாள். பழனியாண்டி இறந்துவிட்டார் என்பதை நான் அறிவேன் என்று ஒற்றை வரி. திகதி போடச் சொன்னதற்கு, அந்த வம்பு எனக்கு வேண்டாம், பிள்ளை என்று கையெழுத்தை மட்டும் வைத்துக் கொடுத்தார்.

மெஷினைப் போட்டபோது ஒன்றரை மணி. பழனியாண்டியின் அட்டை திரையில் வந்தது. உயிருடன் என்பதற்குப் போட்டிருந்த ஒன்று என்ற இலக்கத்தை எடுத்துவிட்டு, இறந்தவர் என்பதற்கான இரண்டைப் போட்டாள். மரணச் சான்றிதழ் இலக்கம் கேட்டது. விதானையாரின் கடித இலக்கத்தைக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டது. இறந்த திகதி கேட்டது.

உள்ளதைச் சொல்லிப் பார்ப்போம் என்று எண்பத்தாறு கார்த்திகையைத் தட்டினாள். கீச். பதிந்த திகதிக்கு முந்தி ஒருவன் எப்படிச் சாவான் என்று கேட்டது. வெறுமையாக விட்டாள். கீச். இந்த வருஷம் ஓகஸ்ட் என்றாள், செப்டெம்பர் என்றாள், ஒக்டோபர் ஐந்து என்றாள். கீச், கீச், கீச். கடைசியாக நிவாரணம் வாங்கிய திகதியிலோ அதற்கு முந்தியோ சாகவும் அது விடாது. கடைசியாக வாங்கியது பதினாலாம் திகதி. அண்ணனின் அட்டைக்கு வீரம்மா, காட்டிய இடத்தில் விரலடையாளம் வைத்து வாங்கியிருந்தாள், அதையும் தட்டியது விமலேஸ்வரிதான்.

சரி, பதினாலுக்குப் பிறகுதான் சாகவேண்டும். பதினேழாம் திகதி விடிய மாயாண்டி அவன் செத்துப்போனான் என்று சொல்லிவிட்டான். ஆகவே பதினேழுக்கு முதல் செத்தாக வேண்டும். இடையில் இருந்தது இரண்டே இரண்டு நாள். பதினைந்தைத் தட்டப்போன விரலை நெருப்பில் பட்டதுபோல இழுத்துக்கொண்டாள். அது கண்ணிவெடி வெடித்த நாள். அதைப் போட்டால் குடும்பத்தோடு கொண்டுபோய்விடுவார்கள். நல்ல காலம், யோசித்தேனே என்று நெஞ்சில் கைவைத்தாள். பதினாறைத் தட்டினாள்.

மெஷின் சத்தம் போடவில்லை. பச்சைக்கோடு மெல்ல அடுத்த கட்டத்துக்குப் போனது. விமலேஸ்வரிக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. எத்தனை மறியல்களை அது போட்டது, அத்தனையையும் சுற்றி அவள் ஒரு பாதை கண்டுபிடித்துவிட்டாளே. சான்றிதழ் கட்டம், பதிவுக் கட்டம், அரிசிக் கட்டம் எல்லாவற்றுக்கும் பொருந்தி, ஒன்றோடு ஒன்று முட்டாமல் ஒரு சாவு. அச்சடிக்கும் மெஷின் கறகறவென்று கடதாசியைத் தள்ளியது. கிழித்து மடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினாள்.

முகாம் வாசலில் வீரம்மா வெயிலுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தாள். லொறியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். எல்லாம் சரி அக்கா, கூட்டிக்கொண்டு வாறன் என்று சொல்லிவிட்டு விமலேஸ்வரி உள்ளே போனாள். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

அதிகாரி கடதாசியை விரித்துப் படித்தார். பெயரைப் பார்த்தார், இலக்கத்தைப் பார்த்தார், தன்னிடமிருந்த பட்டியலோடு ஒத்துப்பார்த்தார். நல்லது என்று பேனையை எடுத்து மூடியைத் திறந்தார். ஒரு எழுத்துக்கூட எழுதியிருக்கமாட்டார், கை நின்றது. சுவரில் தொங்கிய கலண்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"பதினாறு. ஞாயிற்றுக்கிழமை."

ஓம் என்றாள்.

அவர் பேனையை மூடினார். சனிக்கிழமை வெடி வெடித்ததும் தன்னுடைய ஆள்கள் காட்டுக்குள் சுட்டார்கள் என்றார். ஓடியவர்களில் ஒருத்தனுக்குப் பட்டிருக்கிறது, தர்மபுரத்துப் பக்கமாக இலைகளில் இரத்தம் கிடந்தது, காயப்பட்டவனைத்தான் மூன்று நாளாகத் தேடுகிறோம் என்றார். வெள்ளிக்கிழமை சுகமாக அரிசி வாங்கிய மனுசன், முப்பத்தொன்பது வயது, ஞாயிற்றுக்கிழமை செத்திருக்கிறான். ஆஸ்பத்திரி இல்லை, நோய் வருத்தம் இல்லை. உடலை மச்சான் ஒளித்திருக்கிறான். இப்போது விளங்குகிறது என்றார். பெரிய உதவி செய்தீர்கள், நன்றி என்று கையையும் நீட்டினார்.

விமலேஸ்வரி கதிரையை விட்டு எழும்பினாள். பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் செத்து இரண்டு வருஷம், காய்ச்சலில் செத்தான், மெஷினுக்குள் எட்டுப் பேருக்குத்தான் இடம், மூன்று பிள்ளைக்கு அரிசி வேண்டும் என்று நான்தான் அவனை உயிரோடு போட்டேன், அவன் மட்டுமில்லை, முப்பத்தேழு பேரை அப்படிப் போட்டிருக்கிறேன், பதினாறாம் திகதியும் பொய், படிவம் விட்ட ஒரே திகதி அதுதான் என்று ஆங்கிலமும் தமிழுமாக அழுது அழுது சொன்னாள். மேசையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"காலையில் இங்கே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தபோது இதைச் சொல்லவில்லையே" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

முப்பத்தேழு என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டார். அந்த ஆள்களின் பெயர்கள் நாளைக் காலையில் தனக்கு வேண்டும், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதும் வேண்டும் என்றார். சிப்பாய் ஒருவன் வந்து அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனான்.

நாலு மணிக்கு லொறி வெளிக்கிட்டது. பின்பக்கப் படங்குச் சீலை இறக்கிக் கட்டியிருந்தது, உள்ளே யார் யார் என்று தெரியவில்லை. வீரம்மா வீதியில் கொஞ்சத் தூரம் அதன் பின்னால் ஓடினாள், செருப்பு அறுந்ததும் நின்றாள். திரும்பி வந்து விமலேஸ்வரிக்கு முன்னால் நின்று என்ன நடந்தது என்று கேட்டாள்.

சொல்லாமல் விட முடியுமா? எட்டுப் பேர் கட்டத்திலிருந்து பதினாறாம் திகதி வரைக்கும் விமலேஸ்வரி ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள். மூன்று பிள்ளைகளும் பட்டினி கிடக்கக் கூடாது என்றுதான் செய்தேன் என்றும் சொன்னாள். வீரம்மா அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்தால் நல்லது என்றும் இருந்தது.

வீரம்மா அடிக்கவில்லை. புரியாத மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எட்டுப் பேருக்குத்தான் அரிசின்னு சொல்லியிருந்தா, அந்த எட்டுப் பேரு அரிசிய ஆக்கி நாங்க பதினொரு பேரும் சாப்பிட்டிருப்போமே, மிஸ். அது ஒண்ணும் எங்களுக்குப் புதுசு இல்லையே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் தர்மபுரத்துப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் விடுகிறேன் என்று விமலேஸ்வரி கூப்பிட்டாள். வீரம்மா திரும்பிப் பார்க்கவில்லை.